தேடினால் வராத கடிதம்: ஆவண முகாமைத்துவ முறைமையில் எளிய தேடலும் மேம்பட்ட தேடலும்

கேள்வி இது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம். பழைய கடிதங்கள், கூட்ட அறிக்கைகள், காணி உறுதிப் பிரதிகள், கணக்காய்வு அறிக்கைகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஆவண முகாமைத்துவ முறைமை ஒன்றில் ஏற்றியாயிற்று. தேடல் பெட்டியில் ஒரு சொல்லைப் போட்டால் ஒன்றில் எதுவும் வராது, இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கில் வந்து குவிகிறது. மேம்பட்ட தேடலைத் திறந்தால் பதினைந்து பெட்டி. எதில் எதைப் போடுவது, எப்போது எதைப் பயன்படுத்துவது?

ஆவணத்துக்குள் இருக்கும் ஒரு சொல் ஞாபகம் இருந்தால் எளிய தேடல். யார் அனுப்பியது, எந்த வருடம், என்ன வகை என்று ஆவணத்தைப் பற்றிய விபரம் ஞாபகம் இருந்தால் மேம்பட்ட தேடல். கேட்டதற்கு நேரான பதில் இவ்வளவுதான். ஆனால் நீங்கள் விபரித்ததைப் பார்த்தால் கோளாறு அதற்கு முன்பே தொடங்குகிறது. திரையில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் முறைமைக்குள் பதிவாகியிருக்கும் எழுத்தும் வேறு வேறாக இருந்தால் எந்தத் தேடலும் கைகொடுக்காது. நம் பக்கத்து அலுவலக ஆவணங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

முதலில் நோட்பேட் சோதனை

முறைமையில் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தும் தேடலில் வராத ஓர் ஆவணத்தை எடுங்கள். கோப்புறை வழியே போய் அதைத் திறந்து, ஒரு வரியை இழுத்துத் தெரிவுசெய்து, கொப்பி பண்ணி நோட்பேட்டில் ஒட்டுங்கள். முறைமை எந்த எழுத்துக்குள் தேடுகிறதோ அது அங்கே வந்து நிற்கும்.

வரி தெரிவாகவே இல்லையென்றால் அது வெறும் படம். எழுத்துணரி, அதாவது ஓசிஆர், அதன்மேல் ஓடவில்லை. பல முறைமைகள் உள்ளே பயன்படுத்துவது டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரியைத்தான். அதில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் தனித்தனி மொழிக் கோப்புகள் உண்டு. ஆனால் நிறுவும்போது பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே இறங்கும். தமிழ்ப் பக்கத்தை ஆங்கில எழுத்துணரியிடம் கொடுத்தால் அது பேசாமல் இருக்காது, தனக்குத் தெரிந்த எழுத்துகளைக் கோத்து ஏதோ ஒன்றை எழுதி வைக்கும். நிர்வாகியிடம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு எடுக்கும் நேரம் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஸ்கேனர் அமைப்பு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, இருக்கட்டும். 150இல் தமிழின் மெய்ப்புள்ளிதான் முதலில் தொலையும். புள்ளி போனால் ‘பத்து’ம் ‘பதது’ ஆகிவிடும், பிறகு எந்தத் தேடலிலும் அது அகப்படாது. போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடுகிறது. அனுப்பத்தான் வேண்டுமென்றால் படமாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கையெழுத்தை இந்த எழுத்துணரி வாசிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அச்சடித்த படிவத்தைப் பேனாவால் நிரப்பியிருந்தால் படிவத்தின் தலைப்பு மட்டும் தேடலில் வரும், நிரப்பியவரின் பெயர் வராது. நூற்றுக்கணக்கில் வந்து குவிவதற்கு இது ஒரு காரணம். ‘அங்கத்துவ விண்ணப்பம்’ என்று தேடினால் எல்லா விண்ணப்பமும் வரும், நீங்கள் கேட்ட ஆளுடையது எது என்று முறைமைக்குத் தெரியாது. அப்படியான ஆவணங்களுக்குப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் புலத்தில், அதாவது ஆவணத்தோடு சேர்ந்த விபரப் பெட்டியில், தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

பாமினி

நோட்பேட்டில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்து விழுந்தால் அது பாமினி. இலங்கைத் தமிழ் அலுவலகங்கள் நீண்டகாலம் கடிதம் அடித்தது அதிலேதான், இன்னும் அடிக்கிறார்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. திரையில் ‘தமிழ்’ என்று தெரியும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. இன்று கணினியும் போனும் பயன்படுத்தும் பொது எழுத்துமுறையான யூனிகோட்டில் நீங்கள் தமிழ் என்று தேடினால் அங்கே தமிழே கிடையாது.

அப்படியானால் அந்த ஆங்கில விசைகளையே தட்டித் தேடலாமே என்று தோன்றும். அதிலும் இரண்டு சிக்கல். பாமினியில் மெய்ப்புள்ளிக்கு அரைப்புள்ளியைத் தட்டுவார்கள். தேடல் பொறியோ அரைப்புள்ளியை நிறுத்தக்குறி என்று நினைத்து அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும். அடுத்தது, பாமினியில் சிறிய எழுத்து எப் என்றால் ‘க’, பெரிய எழுத்து எப் என்றால் ‘கு’. தேடல் பொறி எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கித்தான் சேமிக்கும், ஆகவே கவும் குவும் ஒன்றாகிவிடும். அவசரத்துக்கு ஒரு சொல்லை மேற்கோள் குறிக்குள் விசைகளாக அடித்துப் பார்க்கலாம், சில வேளை அகப்படும். அதை நம்பி அலுவலகம் நடத்த முடியாது.

சரியான வைத்தியம் கோப்பின் வகையைப் பொறுத்தது. வேர்ட் கோப்பாக இருந்தால் பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றும் மாற்றி ஒன்றால் மாற்றி, மாற்றிய பிரதியை ஏற்றுங்கள். மூலத்தை அழிக்க வேண்டாம், அதன் புதிய பதிப்பாக ஏற்றினால் போதும். ஒரே கடிதத்தில் ஆங்கிலப் பெயர்களும் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக்கிச் சிதைக்கும், அதைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும்.

பிடிஎப் ஆக இருந்தால் எழுத்துணரியைக் கட்டாயப்படுத்தி ஓட விடுங்கள். கட்டாயப்படுத்துவது ஏன் என்றால், பெரும்பாலான முறைமைகளில் இயல்பான அமைப்பு ‘ஏற்கெனவே எழுத்து இருந்தால் தாண்டிப் போ’ என்பது. பாமினிப் பிடிஎப்புக்குள் எழுத்து இருக்கிறது, குப்பை எழுத்தாக. எழுத்துணரி அதைக் கண்டு, வேலை முடிந்தது என்று தாண்டிவிடும். முழு ஆவணத் தொகுதிக்கும் அமைப்பை மாற்றாமல், பாமினி ஆவணங்களை ஒரு டேக் போட்டுப் பிரித்து அவற்றுக்கு மட்டும் செய்யுங்கள். நல்ல எழுத்து உள்ள பிடிஎப்பைக் கட்டாய எழுத்துணரிக்குக் கொடுத்தால் இருந்த சரியான எழுத்தும் கெடும். எப்எம் வகைப் பழைய எழுத்துருக்களில் அடித்த சிங்களக் கடிதங்களுக்கும் இதே கதைதான்.

நோட்பேட்டில் தமிழ் வருகிறது, ஆனால் கொம்பு இடம் மாறி, துணைக்கால் தனியே விலகி நிற்கிறது என்றால், பிடிஎப் உருவாகும்போது எழுத்துகள் பார்வை வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. இதற்கும் கட்டாய எழுத்துணரிதான் வழி. அல்லது வேர்ட் மூலம் கையில் இருந்தால் அதையே ஏற்றுவது நல்லது.

எந்தத் திருத்தம் செய்தாலும் அதன்பின் சொல்லடைவை மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள். தேடல் என்பது ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்ப்பதல்ல. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போல ஒன்றை முறைமை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கிறது, அதைத்தான் புரட்டுகிறது. கோப்பைத் திருத்திவிட்டு அடைவைப் புதுப்பிக்காவிட்டால் பழைய குப்பையே தொடர்ந்து வரும்.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். ‘காணி’ என்று தேடி எத்தனை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘கேணூ’ என்று பொருளே இல்லாத சொல்லைத் தேடுங்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கை வந்தால் உங்கள் தேடல் பொறி உயிர்க்குறிகளை எழுத்தாகவே மதிக்காமல் அந்த இடங்களில் சொல்லை வெட்டுகிறது. காணியும் கேணூவும் அதற்குக் ‘க’, ‘ண’ என்ற இரண்டு துண்டுகள் மட்டுமே. பைதன் மொழியில் எழுதிய சில தேடல் நிரல்களில் இந்தக் குறை உண்டு, அந்த மொழியில் ‘சொல்லெழுத்து’ என்பதற்குள் தமிழின் உயிர்க்குறியும் புள்ளியும் அடங்காது. லூசீன் என்ற இலவசத் தேடல் நிரலை அடிப்படையாகக் கொண்ட எலாஸ்டிக்சேர்ச், சோலர் போன்றவற்றின் வழமையான சொற்பிரிப்பி யூனிகோட் விதிப்படி பிரிப்பதால் தமிழ்ச் சொல் முழுதாக இருக்கும். இது நீங்கள் அமைப்புப் பக்கத்தில் திருத்தக்கூடிய குறை அல்ல. முறைமையைத் தந்தவர்களிடம் சொற்பிரிப்பியை மாற்றச் சொல்ல வேண்டும்.

எளிய தேடல்: சொல்லை எங்கே வெட்டுவது

எழுத்து சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் ஒரே உருவத்தில் நிற்கும். தமிழில் ‘விண்ணப்பம்’ என்ற சொல் கடிதத்துக்குள் விண்ணப்பத்தின், விண்ணப்பத்தை, விண்ணப்பங்கள், விண்ணப்பதாரி, விண்ணப்பித்த என்று வேடம் மாறிக்கொண்டே இருக்கும். ‘விண்ணப்பம்’ என்று தேடினால் அந்த ஓர் உருவம் மட்டுமே வரும். தமிழுக்கு அடிச்சொல் பிரிப்பான் இருக்கிறது, லூசீனிலும் உண்டு. ஆனால் உங்கள் முறைமையில் அதை யாராவது இயக்கிவிட்டிருந்தால்தான் பயன். இயக்கவில்லையென்றால் நட்சத்திரக் குறிதான் துணை:

விண்ணப்ப*

எங்கே வெட்டுவது என்பதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கடைசி எழுத்தின் உயிர்க்குறியை அல்லது புள்ளியைக் கழற்றிவிட்டு நட்சத்திரம் போடுங்கள். ‘வீடு’ வேண்டுமென்றால் வீட* என்று போடுங்கள். வீடு, வீடுகள், வீடமைப்பு மட்டுமல்ல, வீட்டு, வீட்டை, வீட்டுத்திட்டம் எல்லாம் அதற்குள் வரும். ‘வீட்டு’ என்ற சொல் ‘வீட’ என்று தொடங்குவதாக நம் கண் ஒப்பாது. கணினி ‘ட்’டை, ட என்ற எழுத்தும் அதன்பின் ஒரு புள்ளியுமாகத்தான் சேமித்திருக்கிறது, ஆகவே ஒப்புக்கொள்ளும். ஆறு, ஆற்று இரண்டுக்கும் ஆற* போதும்.

‘மரம்’, ‘குளம்’ போல ம்-இல் முடிபவற்றுக்கு அந்த ‘ம்’மையே எடுத்துவிட வேண்டும், குளத்து, குளங்கள் எல்லாம் வரும்படி குள*. விலையும் உண்டு: குள* என்றால் குளிரூட்டியும் வரும். வயலைத் தேட வய* என்று வெட்டினால் வயதுச் சான்றிதழ் எல்லாம் வந்து சேரும். அதற்கு வயல* என்றும் வயற* என்றும் இரண்டாகப் போட வேண்டும், இரண்டாவது இல்லாவிட்டால் வயற்காணி தப்பிவிடும். இரண்டெழுத்துக்குக் குறைவாக வெட்டினால் அநேகமாகப் பயனில்லை.

சொல்லின் முன்னால் நட்சத்திரம் போடுவது, அதாவது *காணி, பல முறைமைகளில் அடைக்கப்பட்டிருக்கும். திறந்திருந்தாலும் மெதுவாகத்தான் ஓடும், சொல்லடைவை முதலிலிருந்து கடைசிவரை புரட்ட வேண்டியிருப்பதால். மேற்கோள் குறிக்குள் நட்சத்திரம் போட்டால் வழமையாக வேலை செய்யாது. “காணிப் பிணக்கு” என்று மேற்கோளில் போட்டால் அந்த இரண்டு சொல்லும் அதே வரிசையில், அதே உருவத்தில் இருக்க வேண்டும். ஒரு சொல்லாகச் சேர்த்து ‘காணிப்பிணக்கு’ என்று அடித்த கடிதம் அதில் வராது. தமிழில் மேற்கோள் தேடலைச் சட்டப் பெயர், திட்டப் பெயர் போன்ற மாறாத தொடர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு சொற்களை இடைவெளி விட்டுப் போட்டால் இரண்டும் இருக்க வேண்டுமா, ஒன்று இருந்தால் போதுமா என்பது முறைமைக்கு முறைமை வேறு. கையேட்டைத் தேட வேண்டாம். ஒரு சொல்லைப் போட்டு எண்ணிக்கையைப் பாருங்கள், இரண்டாவதைச் சேருங்கள். எண்ணிக்கை குறைந்தால் இரண்டும் வேண்டும் என்று பொருள். கூடினால் ஒன்று போதும் என்று பொருள், நூற்றுக்கணக்கில் குவிவதன் மர்மமும் அதுவாக இருக்கலாம்.

ஒரே ஊருக்கு நாலு எழுத்து

இது நம் மாவட்டங்களில் மிகப் பெரிய கண்ணி. உறுகாமம் குளத்தை ஒரு கடிதம் உறுகாமம் என்றும், இன்னொன்று றூகம் என்றும், மூன்றாவது ரூகம் என்றும் எழுதும். களுவாஞ்சிகுடிக்கு ‘க்’ போடுவோரும் உண்டு, போடாதோரும் உண்டு. வாழைச்சேனையை வாளைச்சேனை என்று அடித்தவர்கள் இருக்கிறார்கள். ஏறாவூர், ஏராவூர். போதாதென்று பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒரு பெயர், அலுவலகம் இருக்கும் ஊருக்கு ஒரு பெயர். மண்முனை மேற்கு என்றாலும் வவுணதீவு என்றாலும் ஒன்று, மண்முனை தென்மேற்கு என்றாலும் பட்டிப்பளை என்றாலும் ஒன்று, போரதீவுப்பற்றும் வெல்லாவெளியும் ஒன்று, கோறளைப்பற்று வடக்கும் வாகரையும் ஒன்று. எளிய தேடலில் ஒன்றைப் போட்டுவிட்டு ‘ஆவணம் இல்லை’ என்று முடிவெடுப்பது இதனால்தான் ஆபத்து.

‘அல்லது’ என்ற இணைப்பைப் பல முறைமைகள் ஆங்கிலத்தில் ‘ஓர்’ (OR) என்று பெரிய எழுத்தில்தான் ஏற்கும். சிறிய எழுத்தில் அடித்தால் அதையும் தேட வேண்டிய இன்னொரு சொல்லாக எடுத்துக்கொள்ளும். விளங்குவதற்காக இங்கே தமிழில்:

உறுகாம* அல்லது றூக* அல்லது ரூக*

களுவாஞ்சிகுடிக்கு இன்னும் சுருக்கமாக, களுவாஞ்சி*குடி* என்று நடுவிலும் ஒரு நட்சத்திரம். கேள்விக்குறி ஓர் எழுத்துக்குப் பதிலாக நிற்கும் என்று கையேட்டில் இருக்கும். அதை நம்பி களுவாஞ்சி?குடி என்று போட்டால் ‘க்’ உள்ளது வராது, ஏனென்றால் ‘க்’ கணினிக்கு இரண்டு எழுத்து. ‘கிட்டத்தட்ட’ தேடலிலும், அதாவது சொல்லின் பின்னால் ~ போட்டு எழுத்துப் பிழையைப் பொறுக்கச் சொல்வதிலும், இதே கணக்குத்தான். லூசீன் வகையில் அது அதிகபட்சம் இரண்டு எழுத்து மாற்றத்தைத்தான் பொறுக்கும். தமிழில் அந்த இரண்டும் ஒரு மெய்யெழுத்திலேயே தீர்ந்துவிடும்.

சம்பவங்களுக்கும் பல பெயர். 2004 டிசம்பர் 26க்குப் பிந்திய நிவாரணக் கடிதங்கள் வேண்டுமென்றால் சுனாமி, ஆழிப்பேரலை, கடற்கோள் மூன்றையும் போட வேண்டும். நெற்செய்கைக் கடிதங்களில் பெரும்போகம், மாரிப்போகம், மகா போகம் என்று ஒன்றுக்கே மூன்று. முறைமை ஒத்தசொல் பட்டியலை ஏற்குமானால் இவற்றை ஒருமுறை பட்டியலாக்கி நிர்வாகியிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு ஒன்றைத் தேடினாலே மற்றவையும் வரும். தேடலுக்கு நீங்கள் செலவிடக்கூடிய ஒரு மணி நேரத்தில் மிகப் பயனுள்ளது அந்தப் பட்டியல்தான்.

கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரிந்தும் உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகளும் உண்டு. ஸ்ரீ என்பதை ‘ஸ’வை வைத்தும் அடிக்கலாம், ‘ஶ’வை வைத்தும் அடிக்கலாம், திரையில் வித்தியாசம் தெரியாது. கௌரி என்பதை ‘ள’ போட்டுக் கெளரி என்று அடித்திருப்பார்கள். ‘ஸ்ரீ’யில் தொடங்கும் பெயர் வரவில்லையென்றால், அதே பெயர் உள்ள வேறோர் ஆவணத்திலிருந்து கொப்பி பண்ணித் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள்.

ஆட்பெயர்களில் முகம்மது, முஹம்மட், மொஹமட், முகமது என்று நீளும் வரிசைக்கு எந்தத் தந்திரமும் முழுதாக உதவாது. ஆளைப் பெயரால் தேடாதீர்கள், இலக்கத்தால் தேடுங்கள்.

மேம்பட்ட தேடல்

இலக்கம் என்றால் தேசிய அடையாள அட்டை. இங்கேயும் ஒரு கண்ணி. 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கம், அதற்கு முந்தியவற்றில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். ஒரே ஆள் பழைய கடிதத்தில் பழைய இலக்கத்திலும் புதிய கடிதத்தில் புதிய இலக்கத்திலும் இருப்பார். மாற்றுவது சுலபம்: முன்னால் 19 சேருங்கள், பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பிறகு ஒரு 0 சேருங்கள், கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். உதாரணத்துக்கு 854001234 என்பது 198540001234 ஆகும். (மூன்றாவது எண்ணிலிருந்து வரும் மூன்றும் பிறந்த நாளின் வரிசை, பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். 400 என்று ஒரு நாள் வராது, ஆகவே இது யாருடைய இலக்கமும் அல்ல.) பழைய இலக்கத்தைப் பின்னால் ஒரு நட்சத்திரத்துடனும் புதிய இலக்கத்தையும் ‘அல்லது’ போட்டுத் தேடினால் ஆளின் முழுக் கோப்பும் ஒன்றாக வரும்.

மற்றப் பெட்டிகளில் எல்லாவற்றையும் நிரப்பப் போகாதீர்கள். மேம்பட்ட தேடலில் மிகப் பொதுவான பிழை அதுதான். ஒவ்வொரு பெட்டியும் ஒரு நிபந்தனை, எல்லா நிபந்தனையும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். ஸ்கேன் செய்தவர் ‘அனுப்புநர்’ புலத்தை வெறுமையாக விட்டிருந்தால், நீங்கள் அந்தப் பெட்டியை நிரப்பிய உடனேயே அந்த ஆவணம் தேடலிலிருந்து விழுந்துவிடும். நிச்சயமாகத் தெரிந்த இரண்டை மட்டும் போடுங்கள், ஆவண வகையும் திகதி எல்லையும். அது பெரும்பாலும் 20, 30 முடிவுக்கு இறங்கும். அதைக் கண்ணால் பார்ப்பது மூன்றாவது பெட்டியை யோசிப்பதை விட வேகம்.

திகதியில் கவனம். முறைமையில் குறைந்தது இரண்டு திகதி இருக்கும், ஆவணத்தில் உள்ள திகதியும் அதை ஏற்றிய திகதியும். மொத்தமாக ஸ்கேன் செய்த ஆவணங்களுக்கு யாரும் ஆவணத் திகதியைப் போடாவிட்டால் சில முறைமைகள் ஏற்றிய திகதியையே அதிலும் போட்டுவிடும், அப்போது 1998ஆம் ஆண்டுக் கடிதமும் ஸ்கேன் செய்த வருடத்தில் நிற்கும். வேறு சில முறைமைகள் கடிதத்துக்குள் கண்ட முதல் திகதியை எடுத்துக்கொள்ளும். அது ‘உங்கள் இன்ன திகதிய கடிதம்’ என்று மேற்கோள் காட்டிய வேறொரு திகதியாகவும் இருக்கும். 03/04/2011 என்பதை ஏப்ரல் 3 என்று வாசிக்கும்படி, நாள் முதலில் வரும் ஒழுங்கு அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லையை எப்போதும் இரு பக்கமும் ஒரு நாள் கூட்டிப் போடுவது நல்லது. சில முறைமைகள் ‘31 வரை’ என்றால் 31ஆம் திகதி தொடங்கும் நள்ளிரவு வரை என்று எடுக்கும். சில உள்ளே கிரீனிச் நேரத்தில் சேமிக்கும், நம் நேரம் ஐந்தரை மணி முந்தியிருப்பதால் ஜனவரி 1ஆம் திகதி ஆவணம் முந்திய வருடத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

கோப்பு இலக்கத்தில் சாய்கோடு இருந்தால் கட்டாயம் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். லூசீன் வகைத் தேடலில் இரண்டு சாய்கோட்டுக்கு இடையில் இருப்பது வேறொரு கட்டளை என்று பொருள்படும், பிழைச் செய்தி வரும் அல்லது ஏதோ வரும். முக்காற்புள்ளிக்கும், சொல்லின் முன்னால் வரும் சிறு கோட்டுக்கும் இப்படியே வேறு பொருள் உண்டு. சிறு கோடு என்றால் ‘இது இருக்கக் கூடாது’ என்று அர்த்தம், அது தெரிந்து பயன்படுத்தினால் நல்ல ஆயுதம்:

குத்தகை* -நினைவூட்டல*

தொகையைத் தேடுவது பெரும்பாலும் ஏமாற்றம். கடிதத்தில் 125,000.00 என்று இருந்தால் முறைமை அதை முழுதாக ஒரு சொல்லாக வைத்திருக்கும், 125000 என்று தேடினால் வராது. வவுச்சர்களுக்குத் தொகையைக் காற்புள்ளி இல்லாமல் எண் புலத்தில் பதியுங்கள், அப்போது ‘ஒரு இலட்சத்துக்கு மேல்’ என்றும் கேட்கலாம்.

இன்னும் வரவில்லையென்றால்

எழுதுவினைஞரின் திரையில் வருகிறது, உங்கள் திரையில் வரவில்லை என்றால் அது தேடல் கோளாறல்ல, அனுமதி. பார்க்க உரிமை இல்லாத ஆவணத்தை முறைமை ‘அனுமதி இல்லை’ என்று சொல்லாது, இல்லாதது போலவே மறைத்துவிடும். காப்பகத்துக்கு நகர்த்தியவையும் அழிப்புத் தொட்டியில் உள்ளவையும் வழமையான தேடலில் சேராது, அவற்றுக்கு மேம்பட்ட பக்கத்தில் தனியே ஒரு கட்டம் இருக்கும். பதிப்புகள் பல இருந்தால் கடைசிப் பதிப்பின் எழுத்து மட்டுமே தேடப்படும். திருத்தத்தில் நீக்கிய வாசகத்தைத் தேடினால் கிடைக்காதது அதனால்தான்.

ஒன்றைக் கண்டுபிடிப்பதும் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பதும் வேறு வேலை. தலைவர் ஒரு கடிதம் கேட்டால் நெருக்கமாகத் தேடுங்கள், கிடைத்ததும் நிறுத்துங்கள். கணக்காய்வுக்கோ, பிரதேச செயலகம் போன்ற பொது அலுவலகமொன்றில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த கோரிக்கைக்கோ தேடும்போது, ‘இல்லை’ என்று எழுத முன் எல்லா எழுத்துக்கூட்டலையும், இரண்டு பிரிவுப் பெயரையும், சிங்கள, ஆங்கிலச் சொற்களையும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் தீர்மானத்தை அறிவிக்க 14 வேலை நாட்கள்தான். அந்த நாட்களுக்குள் எழுத்துணரியைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

நன்றாக வேலை செய்த தேடலைச் சேமித்து வையுங்கள், ‘உறுகாமம் எல்லாம்’ என்பது போல யாருக்கும் விளங்கும் பெயரில். அடுத்து அந்தக் கதிரையில் உட்காருபவருக்கு மூன்று எழுத்துக்கூட்டலும் தெரிந்திருக்கத் தேவையில்லை. குத்தகை முடிவு போன்றவற்றைச் சேமிக்கும்போது திகதியை 2025 டிசம்பர் 31 என்று எழுதாமல் ‘இன்றிலிருந்து 30 நாட்களுக்குள்’ என்று கொடுங்கள். நிலையான திகதியுடன் சேமித்தால் அடுத்த வருடமும் அது முடிந்துபோன குத்தகைகளையே காட்டிக்கொண்டிருக்கும்.